மழைக்குப் பிறகும் கறுப்பு

எங்கள் முகட்டில் வெள்ளைப் பஞ்சுக் கால்கள் உள்ள ரீங்காரச்சிட்டுகள் இரண்டு வகை. குதிரைக்காரர்கள் தொடையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொள்வதைப் போல இரண்டுமே காலைச் சுற்றி வெள்ளையாக எதையோ உடுத்தியிருக்கும். ஒன்று நீலவாலன். தங்கப் பச்சை உடல், வாலடியில் ஊதா. அது எங்கும் இருக்கிறது, என் வீட்டுத் துணிக்கொடிக்குக்கூட வரும். இன்னொன்று கருமார்பன். அளவில் சின்னது. ஆணுக்கு மார்பிலிருந்து வயிறுவரை கறுப்பு, தொண்டையில் மட்டும் ஒரு சொட்டு நீலம். இந்த மலையையும் பக்கத்து மலைகள் சிலவற்றையும் விட்டால் உலகத்தில் அதற்கு வேறு இடமில்லை. எங்கள் முகட்டில் அதைக் கடைசியாகப் பார்த்து நான்கு வருடமாகிறது.

அப்போது பார்த்தவள் நான்தான். சான் ஹிலாரியோ ஊர்ச்சபை என்னைச் சிட்டு எண்ணுகிறவளாக வைத்திருக்கிறது. வாரத்தில் இரண்டு காலை நானும் என் சித்தப்பா மகன் ஃபௌஸ்தோவும் முகட்டுக்குப் போவோம். ஒரு நோட்டு, ஒரு கேமரா, ஒரு தொலைநோக்கி. தொலைநோக்கியின் ஒரு கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிட்டதால் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

அக்டோபரில் ஊற்றுக்குப் பக்கத்தில் மண் சரிந்தது. ஊருக்கு வரும் தண்ணீர்க் குழாயை அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுக் குழாய் பதிக்க இரண்டு வழிகள் இருந்தன. நேராக இழுத்தால் முகட்டில் இருக்கும் சிவப்புக் குழல்பூப் புதர்க்காட்டுக்குள் புகுந்து போக வேண்டும். சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் ஒரு முறை பாதை திறந்துவிட்டால் குழாய்க்குப் பின்னால் மாடு போகும், மாட்டுக்குப் பின்னால் மனிதன் போவான், இரண்டு வருடத்தில் அங்கே புல்தான் இருக்கும். பனிக்காலம் முழுக்கப் பூக்கிற புதர்க்காடு முகட்டில் அது ஒன்றுதான். அதைச் சுற்றிக் கீழ்ச்சரிவு வழியாகப் போனால் மிங்கா மூன்று நாள் ஆகும். மிங்கா என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து ஊருக்காக உழைக்க வேண்டும். வராதவர் பெயர் பட்டியலில் ஏறும், பட்டியலில் ஏறிய பெயரை ஊர் சுலபத்தில் மறக்காது.

மண் சரிந்த நான்காம் நாள், சரிவுக்குக் கீழே நின்று நான் ஒரு படம் எடுத்தேன். மூடுபனி. பூவுக்கு முன்னால் ஒரு சிட்டு. வெள்ளைக் கால், கறுப்பு மார்பு. வாலை ஒரு இலை மறைத்திருந்தது. தலைநகர் கீத்தோவில் இருக்கும் பறவைக்காரர்களுக்கு அனுப்பினேன். ‘அதுவாக இருக்கலாம், இன்னும் நல்ல படம் வேண்டும்’ என்று பதில் வந்தது.

சபையில் படத்தைக் காட்டிப் பேசும்போது அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லை நான் சொல்லவில்லை.

“கருமார்பன் திரும்பி வந்திருக்கு” என்றேன். அவ்வளவுதான்.

ஐம்பத்தொன்பது வீடு. கீழ்வழிக்கு முப்பத்து மூன்று கைகள் எழுந்தன. எழாத கைகளில் முதலாவது மெல்சோர் கிலும்பாவுடையது. அவர் என் மகளின் ஞானத்தகப்பன். அதனால் அவர் என்னைக் கொமாத்ரே என்பார், நான் அவரைக் கொம்பாத்ரே என்பேன். மரியாதைக்குக் குறைவில்லை, கிண்டலுக்கும் குறைவில்லை.

“கொமாத்ரே, அந்தக் குருவி எவ்வளவு கனம் இருக்கும்?”

“நாலு கிராம், கொம்பாத்ரே.”

“நாலு கிராமுக்கு மூணு நாள். என் மாமியாருக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டாங்க.”

சபை சிரித்தது. தீர்மானம் ஆனது.

*

முதல் நாள் மிங்காவில் கீழ்ச்சரிவைத் தோண்டிக்கொண்டு போனபோது மண்வெட்டி ஒரு பழைய கரிக்குழியில் இறங்கியது. எங்கள் ஊரில் பாதிப் பேரின் அப்பாக்கள் இங்கேதான் கரி சுட்டார்கள். மலை முழுக்க மூடிய குழிகள் இருக்கின்றன, எங்கே தோண்டினாலும் ஒன்று வாயைத் திறக்கும். ஆள் உயரத்துக்குக் கறுப்பும் சாம்பலுமாக ஒரு சுவர் வெளியே தெரிந்தது. அதை ஒட்டியே சாப்பிட உட்கார்ந்தோம். தரையில் துணிகளை நீளமாக விரித்து, அவரவர் கொண்டுவந்த அவித்த சோளம், உருளைக்கிழங்கு, அவரைக்கொட்டை, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் நடுவில் கொட்டினார்கள். யாருடைய மிளகாய்த் துவையல் காரம் என்று வழக்கமான சண்டை தொடங்கியது.

நானும் ஃபௌஸ்தோவும் சற்றுத் தள்ளி இருந்தோம். அப்போது ஒரு நீலவாலன் வந்தது. பெண்ணாக இருக்க வேண்டும். முட்டை வைக்கிற காலத்தில் அதுகளுக்குச் சாம்பல் வேண்டும், அடுப்படிக்குக்கூட வந்து நக்கும். இது அந்தக் கறுப்புச் சுவருக்கு முன்னால் பறந்தபடியே நாக்கை நீட்டியது. பிறகு சோம்பல் வந்ததுபோல் ஈரச் சுவரைக் காலால் பற்றிக்கொண்டு, மார்பை அதில் அழுத்திச் சாய்ந்து, நிதானமாக நக்கியது.

விட்டுப் பறந்தபோது அதன் மார்பு கறுப்பாக இருந்தது.

வெள்ளைக் கால், கறுப்பு மார்பு. என் படம் என் முன்னால் பறந்து போனது.

நான் ஃபௌஸ்தோவைப் பார்த்தேன். அவன் வாயில் உருளைக்கிழங்கு அப்படியே நின்றது.

“ஊத்துகிட்ட மண்ணு சரிஞ்ச இடத்துலயும் குழி ஒண்ணு திறந்துதானே கிடந்துச்சு?” என்றான் மெதுவாக.

“ஆமா.”

“நீ அதுக்குக் கீழதான் நின்ன.”

“ஆமா.”

அவன் கிழங்கை விழுங்கினான். “நான் எதையும் பாக்கல. எனக்குக் கண்ணு சரியில்ல, ஊருக்கே தெரியும்.”

“உனக்கு முன்னூறு அடிக்கு அப்பால இருக்கிற மாட்டோட காது வெட்டு தெரியும்.”

“மாடு வேற.”

கேமராவை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். முன்பே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். குழல்பூவின் நீளம் எனக்குத் தெரியும், என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. படத்தில் பூவை வைத்துச் சிட்டை அளந்தேன். கருமார்பன் இவ்வளவு நீளம் வராது. வாலை மறைத்த இலைக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த நுனியும் கவை மாதிரி ஆழமாகப் பிளந்திருந்தது. நீலவாலனின் வால். இவ்வளவும் ஒரு மாதமாக என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான்கு வருடமாக ஒரு கறுப்புக்காகக் காத்திருந்தேன், கறுப்பு வந்ததும் மற்ற எதையும் பார்க்கவில்லை.

“சொல்லிடுவியா?” என்றான் ஃபௌஸ்தோ.

“சொல்லலன்னா?”

“குழாய் கீழ போகும். புதர் தப்பிக்கும். யாருக்கு நஷ்டம்?”

நான் யோசித்தேன். பொய் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மலையில் எல்லோருக்கும் கரிக்குழி தெரியும், எல்லோருக்கும் கண் இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஐம்பத்தொன்பது பேர் தோண்டப்போகிறார்கள். யாராவது ஒருவர் பார்ப்பார். அதற்குப் பிறகு உண்மையான கருமார்பன் என் தோளில் வந்து உட்கார்ந்தாலும் ஒருவர்கூட நம்பமாட்டார்.

அன்று மாலை செயலாளர் மெலிதா பட்டியலைப் படித்து முடித்ததும் நான் எழுந்து நின்றேன். ஐம்பத்தொன்பது பேரும் மண் பூசிய பூட்ஸோடு, மண்வெட்டியில் சாய்ந்து நின்றிருந்தார்கள்.

“நான் எடுத்த படம் கருமார்பன் இல்ல. நீலவாலன். மார்புல இருந்தது கரி” என்றேன். “கீத்தோல இருந்து வந்த பதில்லயும் ‘இருக்கலாம்’னுதான் இருந்துச்சு. அதை நான் உங்ககிட்ட சொல்லல.”



“அதாவது” என்றார் சபைத் தலைவர் தோன் அப்தோன், தொப்பியைக் கழற்றியபடி, “இன்னைக்கு முழுக்க நாம தோண்டினது...”

“ஒரு மூஞ்சி கழுவாத குருவிக்காக” என்றார் மெல்சோர்.

இந்த முறை சிரிப்பு குறைவாகத்தான் வந்தது. கையைத் தூக்கிய முப்பத்து மூன்று பேரின் முகங்களை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பெண், என்னோடு பள்ளியில் படித்தவள், “எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ஸொய்லா” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

“அப்போ நேர்வழிதான்” என்றார் தோன் அப்தோன். “வர்ற சனிக்கிழமை புதரை வெட்டிடலாம்.”

“அரை நாள் கொடுங்க” என்றேன்.

“எதுக்கு?”

“அந்தப் படம் தப்பு. ஆனா புதர்ல கருமார்பன் இல்லேன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. நானும் ஃபௌஸ்தோவும் ரெண்டே பேரு. ஒரு புதரைப் பாக்கும்போது அம்பது புதரைப் பாக்காம விடுறோம். சனிக்கிழமை எப்படியும் எல்லாரும் வருவீங்க. ஆளுக்கு ஒரு புதர். காலைல மூடுபனி ஏறுற வரைக்கும் பாருங்க. யாருக்கும் தெரியலன்னா மத்தியானம் நானே முதல் வெட்டு வெட்டுறேன்.”

“மறுபடியும் கரி பூசினது வந்தா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அளவைப் பாருங்க. சின்னது. வாலடியைப் பாருங்க. அப்புறம் சண்டையைப் பாருங்க, நீலவாலன் துரத்தும், கருமார்பன் ஓடும்.”

தோன் அப்தோன் உதட்டைப் பிதுக்கினார். அவர் முடியாது என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“கொமாத்ரே” என்றார் மெல்சோர். “உக்காந்து பாக்கிறதா, நின்னு பாக்கிறதா?”

“உக்காந்து.”

“ஆஜர் உண்டா?”

நான் மெலிதாவைப் பார்த்தேன். மெலிதா தலைவரைப் பார்த்தாள்.

“நாப்பது வருஷமா மிங்காவுக்கு வர்றேன்” என்றார் மெல்சோர். “உக்காந்த இடத்துல ஆஜர் போடுறேன்னு யாரும் இதுவரைக்கும் என்கிட்ட சொன்னதில்ல. நான் ஆதரிக்கிறேன்.”

இப்படித்தான் அரை நாள் கிடைத்தது.

*

வெள்ளிக்கிழமை நண்பகலிலிருந்து இடைவிடாமல் மழை. சனிக்கிழமை விடியும்போது ஓய்ந்தது. மலை கழுவி வைத்தது போலிருந்தது. முகட்டில் எல்லோரும் கூடியதும் மெல்சோர் ஒரு விரலை நக்கி, வழியில் கிடந்த கரித்துண்டில் தேய்த்து, புல்லில் துடைத்துக் காட்டினார்.

“நேத்து பெஞ்ச மழைக்கு எந்தக் குருவி மேலயும் கரி மிச்சம் இருக்காது. நான் கரிக்காரன் மகன், எனக்குத் தெரியும். இன்னைக்குக் கறுப்பாத் தெரிஞ்சா அது அதோட சொந்தக் கறுப்பு” என்றார். பிறகு என்னிடம், “சாட்சிக்காகச் சொன்னேன் கொமாத்ரே, உதவிக்காக இல்ல” என்றார்.

மழை கரியைக் கழுவிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஃபௌஸ்தோ கேமராவோடு தெற்கு முனைக்குப் போனான். நான் தொலைநோக்கியோடு நடுவில். நடுவில் இருந்தால் எந்தப் பக்கம் கூப்பிட்டாலும் ஓடலாம். மற்றவர்கள் போன்சோப் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு புதருக்கு முன்னால், கவிழ்த்து வைத்த வாளியிலும் மடித்த சாக்கிலும் உட்கார்ந்தார்கள். பேசக்கூடாது என்பது நிபந்தனை. எங்கள் ஊர்க்காரர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

பார்க்க அழகாக இருந்தது. சிவப்புப் பூக்களுக்கு நடுவே வண்ணப் போன்சோக்கள், ஒன்றும் அசையவில்லை. அவர்களையும் பூ என்று நினைத்து ஒரு சிட்டு மெலிதாவின் சிவப்புக் கழுத்துத்துணியை அரை நிமிடம் விசாரித்துவிட்டுப் போனது. அவள் மூச்சுகூட விடவில்லை.

ஏழரைக்கு முதல் அழைப்பு. என் பள்ளித்தோழி கையை ஆட்டினாள். ஓடினேன். பெரிய வண்டு.

“சின்னதா இருக்கணும்னு சொன்னியே” என்றாள்.

“இவ்வளவு சின்னதா இல்ல.”

எட்டுக்கு இன்னொன்று. கறுப்பாகத் தெரிந்தது, நிழலில் உட்கார்ந்த நீலவாலன். வெயில் பட்டதும் பச்சையானது. எட்டே முக்காலுக்கு ஒரு பெரியவர் மிக உறுதியாகக் கூப்பிட்டார். நான் போவதற்குள் அது போய்விட்டது. வாலடி என்ன நிறம் என்று கேட்டேன். “வாலைப் பாக்கிறது மரியாதை இல்ல” என்றார். நோட்டில் கேள்விக்குறி போட்டேன். இந்த முறை கேள்விக்குறியைக் கேள்விக்குறியாகவே விட்டேன்.

ஒன்பதரை. பள்ளத்தாக்கின் அடியில் மூடுபனி கூடத் தொடங்கியது. பதினொன்று வரை தாக்குப்பிடிக்கும் என்று நினைத்திருந்தேன், அன்று அது அவசரத்தில் இருந்தது. மேற்கே மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தோன் அப்தோன் எழுந்து கால்களை உதறி, வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். நல்ல மனிதர்.

அப்போது மெல்சோர் நடந்து வந்தார். ஓடவில்லை, கையை ஆட்டவில்லை. ஏதோ கெட்ட செய்தியைக் கொண்டுவருகிறவர் போல மெதுவாக வந்து என் முன்னால் நின்றார்.

“கொமாத்ரே, வாங்க.”

“என்ன?”

“வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. நான் எதையும் சொல்லமாட்டேன்.”

அவருடைய புதர் வடக்கு ஓரத்தில், சரிவு தொடங்கும் இடத்தில் இருந்தது. இரண்டு பேரும் ஈரத்தில் குந்தினோம். ஒரு நீலவாலன் பூக்களைத் தனக்கே எழுதி வாங்கியதுபோல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. நேரம் போனது. மூடுபனி எங்கள் முதுகைத் தொட்டது.

“இருங்க” என்றார் மெல்சோர். “இவன் இருக்கும்போது அவன் மேல வரமாட்டான். கீழ, தரையோட தரையா வருவான்.”

வந்தது. புதரின் அடியில், யாரும் பார்க்காத தாழ்ந்த கிளையில் தொங்கிய பூவுக்கு. சின்னது. நீலவாலனில் முக்கால்வாசிகூட இல்லை. நான் இடது கண்ணை மூடினேன். இந்த முறை மார்பைக் கடைசியாகப் பார்ப்பது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கால், வெள்ளை. வால், குட்டை, லேசான பிளவு. வாலடி, கருநீலம். பூவுக்குச் சிட்டு எத்தனை மடங்கு என்று கண்ணால் அளந்தேன். சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான் மார்பைப் பார்த்தேன். ஈர இலைகளுக்கு நடுவே, கழுவிய கறுப்பு. தலையைத் திருப்பியபோது தொண்டையில் அந்த ஒரு சொட்டு நீலம் எரிந்து அணைந்தது.

மேலே இருந்த நீலவாலன் அதைக் கண்டது. பாய்ந்தது. சின்னது சரிவில் விழுவதுபோல் இறங்கி மூடுபனிக்குள் போனது. எல்லாம் சேர்த்து நான்கு நொடி இருக்கும்.

கேமரா முகட்டின் அந்த முனையில், ஃபௌஸ்தோவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை தடவை வந்துச்சு?” என்று கேட்டேன்.

“மூணு. மொத தடவை நான் கண்டுக்கல. ரெண்டாவது தடவை கண்ணைத் தேச்சேன்.” அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “மூணாவது தடவை கெட்ட வார்த்தை சொன்னேன்.”

*

மூடுபனிக்குள் எல்லோரும் நெருங்கி நின்றோம். பத்தடிக்கு அப்பால் முகங்கள் தெரியவில்லை.

“படம்?” என்றார் தோன் அப்தோன்.

“இல்ல.”

ஒரு முனகல் எழுந்தது. யாரோ தும்மினார்கள்.

“ஸொய்லா, உனக்கே தெரியும். போன தடவை நீ படத்தோட வந்து சொன்னதே தப்பாப் போச்சு. இப்போ படமும் இல்லாம...”

“என்னைக் கேக்காதீங்க, தோன் அப்தோன். மொதல்ல பாத்தது நான் இல்ல.”

மெல்சோர் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. “சின்னது. மழைக்கு அப்புறமும் கறுப்பு. பெருசு துரத்துச்சு, இது ஓடுச்சு. வாலடி கருநீலம், மரியாதை இல்லாம நல்லாவே பாத்தேன். மூணு தடவை வந்துச்சு. நாலாவது தடவை கொமாத்ரேயும் பாத்தாங்க.”

“கருமார்பன்தானா?”

“வேற என்னவா இருக்கணும்னு நான் எவ்வளவு வேண்டினேன் தெரியுமா?”

தோன் அப்தோன் அவர் பக்கம் திரும்பினார். “மெல்சோர், நேர்வழின்னா உங்களுக்கு இன்னைக்கே வேலை முடிஞ்சிடும். கீழ்வழின்னா உங்க முழங்காலோட இன்னும் ரெண்டு நாள்.”

“அதைத்தான் நானும் அந்தக் குருவிகிட்ட சொன்னேன். அது கேக்கல.”

அந்தச் சிரிப்பு முகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூடுபனிக்குள் ஓடியது, பின்னால் நின்று காதில் விழாதவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கை தூக்கச் சொன்னார் தோன் அப்தோன். மூடுபனியில் மெலிதாவால் எண்ண முடியவில்லை. வரிசையாக நடந்துபோய் ஒவ்வொரு கையையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஐம்பத்து நான்கு.

மத்தியானச் சோளத்தை நின்றபடியே தின்றுவிட்டு மண்வெட்டிகளோடு கீழ்ச்சரிவுக்கு இறங்கினோம். நான் நோட்டைத் திறந்தேன். இடம், நேரம், இனம் எல்லாம் எழுதினேன். ‘முதலில் பார்த்தவர்’ என்ற இடத்தில் என் பெயரோ ஃபௌஸ்தோவின் பெயரோ அல்லாத ஒன்று வருவது இதுதான் முதல் முறை.

மெல்சோர் எனக்கு இரண்டடி முன்னால், பக்கவாட்டில் கால் வைத்து, ஒவ்வொரு படிக்கும் முனகியபடி இறங்கிக்கொண்டிருந்தார்.

“கொமாத்ரே, அடுத்து எண்ணப் போறது எப்போ?”

“செவ்வாய்க்கிழமை. ஏன்?”

“உங்க ஃபௌஸ்தோ அந்தப் புதருக்கு நேரா நின்னுக்குவான். அவனுக்குத் தெரியாது. கீழ இருந்து பாக்கணும்.”

“ஆறு மணிக்குக் கிளம்புவோம், கொம்பாத்ரே.”

“ஆறுன்னா அந்தக் கருமார்பன் சாப்பிட்டுப் போயிருப்பான்” என்றார். “அஞ்சரைக்கு வாங்க.”

கீழே, மூடுபனிக்குள், மண்வெட்டிகளின் சத்தம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.